உறுப்பு எமது, சட்டம் எவரது?

பணம் படைத்தவனுக்குச் சிறுநீரகம் பழுதானால், தரகன் ஏழையின் குடிசையைத் தேடிப் புறப்படுகிறான். இது கற்பனையன்று, கொழும்பு மாநகரின் அண்மைக்கால வரலாறு.

மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 48ஆம் இலக்கச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. உறுப்பை விலை பேசுவது இந்நாட்டில் குற்றம். ஆயினும் நடந்ததென்ன? இந்தியாவிலிருந்து ஏழைகளைக் கொழும்புக்குக் கொணர்ந்து சிறுநீரகம் பறித்த வாணிபம் 2016 ஜனவரியில் அம்பலமாயிற்று. வெளிநாட்டவர்க்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை நிறுத்தி அமைச்சு ஆணையிட்டது. 2022 இறுதியிலோ, கொழும்பின் ஏழைக் குடியிருப்பாளரே பெருந்தொகை தருவதாக ஏய்க்கப்பட்டுச் சிறுநீரகத்தைப் பறிகொடுத்தோம் என்று பொலிசாரிடம் முறையிட்டனர். கதவைப் பூட்டினோம் என்றனர். கள்வனோ கூரை வழியாக இறங்கினான்!

இவ்வநீதியின் மறுபக்கத்தைப் பாருங்கள். அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலே 1990களிலிருந்து, காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய் உழவரை வாட்டுகிறது. வன்னிப் பகுதியும் தப்பவில்லை. நாட்டுக்குச் சோறிட்ட உழவன் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும்போது, அவன் எத்தனையாவது இடத்தில் நிற்கிறான், எந்த விதியின்படி நிற்கிறான் என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டா, இல்லையா?

“மருத்துவமும் சட்டமும் நிபுணர் விஷயம், பாமரனுக்கு என்ன தெரியும்?” என்பார் சிலர். பாமரன் சட்டத்தை முந்திய வரலாற்றை அவர்கள் மறந்தனரா? 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்தோர் சாதாரண மக்களே. அவர்கள் ஈந்த விழிகள் 50க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளியேற்றின. 2019 ஏப்ரல் 21இல் எமது கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குருதி பெருகிய நாளில், இனமும் மதமும் பாராமல் குருதி ஈய முன்வந்தவர்களும் அவர்களே. உடலை ஈயத் தகுந்தவன், கருத்தை ஈயத் தகாதவனா?

“வரைவை வர்த்தமானியில் வெளியிடுகிறோம், குறை கண்டவர் உயர் நீதிமன்றம் செல்லலாம்” என்பது அடுத்த சமாதானம். நீதிமன்றம் ஆராய்வது அரசியலமைப்புக்கு அது முரணா என்பதை. ஏழைக்கு அது நியாயமா என்பதை ஆராய்வது யார்? வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். மறுப்புத் தெரிவியாதவர் தானத்துக்கு இசைந்தவராகக் கருதப்படுவார் என்னும் சட்டம் அங்கு 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் வெள்ளை அறிக்கையையும் சட்ட வரைவையும் மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டனர். ஐக்கிய அமெரிக்காவிலே உறுப்புப் பங்கீட்டு விதிகளை மாற்றுமுன் பொதுமக்களின் கருத்துக் கோரப்படுகிறது. அங்கே இயல்வது இங்கே ஏன் இயலாது?

நாம் கோருவது சலுகையன்று. சட்டத்தில் கைவைக்குமுன் வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியிடுக. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், வவுனியாவிலும் பதவியாவிலும் பகிரங்க அமர்வு நடத்துக. காத்திருப்போர் வரிசையின் விதிகளை ஊரறிய அறிவித்திடுக. சிறுநீரகம் ஈந்தவனின் பிற்காலச் சிகிச்சையை அரசே ஏற்றிடுக. அவன் ஒப்பமிடும் தாள் அவனது தாய்மொழியில் இருத்தல் வேண்டும்.

மருத்துவர்களே, சட்டத்தரணிகளே, நிபுணர் என்ற பெயரால் உங்களைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். மக்கள் பக்கம் நின்று சாட்சி சொல்லுங்கள். உழவர் பெருமக்களே, உங்கள் சங்கங்களிலே தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். மக்களைக் கேளாமல் ஆக்கிய சட்டம் தரகனுக்கே துணைபோகும். கேட்காவிடின், கேட்கவைப்போம்!