ஊரு நம்முளுது, பேச்சு ஆருதுங்?

சினிமா பத்திப் பேச்சு வந்தா, வெளியூர் நண்பர்கள் கோயம்புத்தூர்க்காரன் கிட்ட கேக்கறதுக்குன்னே ஒரு நாலஞ்சு கேள்வி வெச்சிருக்காங்க. பொள்ளாச்சியில தெருவுக்குத் தெரு ஷூட்டிங் நடக்குமாமே? உங்க ஊர்ல நெசமாவே எல்லாரும் கோவை சரளா மாதிரிதான் பேசுவாங்களா? அத்தனை நடிகர்கள் உங்க பக்கத்துல இருந்து வந்தும், ஏன் படத்துல எல்லாரும் மதுரை பேசறாங்க? தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா ஒரு பதிவாவே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

மொதல்லயே என் கட்சியைச் சொல்லிடறேன். தமிழ் சினிமா எங்க ஊரை ரொம்ப நல்லாப் பாத்திருக்கு. ஆனா காது குடுத்துக் கேக்கலை.

கேள்வி 1: சினிமாவுக்கும் கோவைக்கும் அப்படி என்னய்யா சம்பந்தம்?

நெறையவே இருக்குங்க. சாமிக்கண்ணு வின்சென்ட்னு ஒரு கோயம்புத்தூர்க்காரர். ரயில்வேல வேலை பாத்தவர். 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர் கிட்ட இருந்து புரொஜக்டரும் படச்சுருளும் வாங்கி, ஊர் ஊரா டென்ட் போட்டுப் படம் காட்டினார். 1914ல கோவையில வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினதும் அவர்தான். பின்னாடி டிலைட்னு பேர் மாறின தியேட்டர் அது. முப்பதுகள்ல சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்துச்சு. எம்.ஜி.ஆர். மொதமொதல்ல கதாநாயகனா நடிச்ச 'ராஜகுமாரி' (1947) அங்க எடுத்த படம். அப்புறம் ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா ஸ்டூடியோ. அவங்க எடுத்த 'மலைக்கள்ளன்' (1954) ஜனாதிபதி விருது வாங்குச்சு. அதையே இந்தியில திலீப்குமாரை வெச்சு 'ஆசாத்'னு 1955ல எடுத்தாங்க.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிங்க. ஸ்டூடியோ எல்லாம் எங்க ஊர்ல இருந்த காலத்துல, படத்துல ஆரும் எந்த ஊர்ப் பேச்சும் பேசலை. ராஜாவும் மந்திரியும் நாடகத் தமிழ்ல வசனம் பேசிட்டு இருந்தாங்க. 1977ல 'பதினாறு வயதினிலே' வந்து, மண்ணு மணக்கற பேச்சு திரைக்கு ஏறினப்ப, கோவை ஸ்டூடியோக்களோட காலம் முடிஞ்சு போயிருந்துச்சு. பாரதிராஜா தேனிப் பக்கம். கூட வந்தவங்க, அவரைப் பாத்து வந்தவங்கன்னு நெறையப் பேரு அந்தப் பக்கம்தான். கிராமம்னாலே வைகைக் கரைன்னு ஆயிப்போச்சு. இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லீங்க. அவங்கவங்க காதுல விழுந்ததை அவங்கவங்க எழுதினாங்க.

கேள்வி 2: அப்ப பொள்ளாச்சி?

அங்கதான் கூத்து. தென்னந்தோப்பு, ஆழியாறு அணை, மலை, பழைய அரண்மனை வீடு, சந்தை எல்லாம் ஒரு மணி நேர ஓட்டத்துல கிடைக்குது. ராத்திரி சென்னையில ரயில் ஏறினா வெடியால கோயம்புத்தூர்ல எறங்கிக்கலாம். கால்ஷீட் கணக்குப் பாக்கற தயாரிப்பாளருக்கு இதைவிட வேற என்ன வேணும்?

'தேவர் மகன்' (1992) தெக்கத்திக் கதை. எடுத்தது பொள்ளாச்சிப் பக்கத்துல. படத்துல இருக்கற வாய்க்காலும் வரப்பும் எங்களுது, பேச்சு மதுரைப் பக்கத்துது. அருமையான படம், பத்துத் தடவைக்கு மேல பாத்திருப்பேன். கதை அந்த ஊருன்னா பேச்சும் அந்த ஊருதான் இருக்கணும், நாயம்தான். ஆனா கதையும் கொங்கு நாடா இருக்கற படத்துல, பாத்திரங்க பொதுவா ஒரு 'சினிமா கிராமத்து'த் தமிழ் பேசிட்டு, நடுநடுவுல 'ஏனுங்க'வைத் தூவிட்டுப் போறாங்க பாருங்க, அதுதான் பொறுக்க மாட்டேங்குது. உப்புமாவுல கடுகு தாளிக்கிற மாதிரி!

கேள்வி 3: லோகேஷன்ல உள்ளூர்க்காரங்க நிக்கறாங்களே, அவங்க பேச்சு எங்க போச்சு?

நல்ல கேள்வி. படம் எப்படித் தயாராகுதுன்னு தெரிஞ்சாத்தான் இதுக்குப் பதில் புரியும். ஷூட்டிங்ல பேசறது பெரும்பாலும் அடையாளத்துக்குத்தான். அதை பைலட் ட்ராக்னு சொல்லுவாங்க. ஜெனரேட்டர் சத்தம், வேடிக்கை பாக்க வந்த கூட்டம், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எல்லாம் அதுல கேக்கும். அதனால எடிட்டிங் முடிச்சு, சென்னையில டப்பிங் தியேட்டர்ல துண்டு துண்டா ஓட்டி, உதட்டசைவுக்குத் தக்கன புதுசாப் பேசிப் பதிவு பண்ணுவாங்க. 'ஹே ராம்' (2000), 'விருமாண்டி' (2004) மாதிரி ஸ்பாட்லயே ஒலியைப் பிடிச்ச படங்களும் இருக்கு. ஆனா ரொம்ப நாளா வழக்கம் டப்பிங்தான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. நாயகி வேற மாநிலம்னா, அவங்களுக்குக் குரல் குடுக்கறது சென்னையில இருக்கற டப்பிங் கலைஞர். பஞ்சாயத்துல பின்னாடி நிக்கற கூட்டம் நெசமாவே ஆனைமலைக்காரங்களா இருக்கலாம். அவங்க போடற கூச்சல்? அதையும் டப்பிங் தியேட்டர்ல பத்துப் பேரு நின்னு பேசி முடிச்சிடுவாங்க. ஆக, எங்க ஊர்க் கெழவி திரையில வாயசைப்பா, குரல் கோடம்பாக்கத்துல இருந்து வரும். ஆரும் சதி பண்ணலைங்க. டப்பிங் தியேட்டர்ல எங்கூர்க் காது ஒண்ணு இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி 4: கோவைக்காரங்களே நடிச்சா சரியாப் போயிடுமா?

போகாது. கொங்குல பொறந்தவங்களுக்கு சினிமாவுல பஞ்சமா என்ன? சூலூர்ப் பக்கம் சிவகுமார், மணிவண்ணன். கோவையில சத்யராஜ். உடுமலைப்பேட்டைப் பக்கம் கவுண்டமணி. கோபிப் பக்கம் பாக்யராஜ். இவங்கள்ல மணிவண்ணன் பாரதிராஜாவுக்கு 'அலைகள் ஓய்வதில்லை' (1981) கதை எழுதினவர். தெக்கத்தி சினிமாவுக்குள்ளயே எங்காளு இருந்திருக்காரு!

இன்னும் ஒண்ணு. சிவகுமார் மகன் கார்த்திக்கு மொதப் படம் 'பருத்திவீரன்' (2007). அச்சு அசலா மதுரைப் பக்கத்துப் பேச்சு. கூட நடிச்ச பிரியாமணி பெங்களூர்ல வளர்ந்தவங்க, அந்தப் படத்துக்கு தேசிய விருதே வாங்கினாங்க. எதிர்ப்பக்கமும் உதாரணம் இருக்கு. பரமக்குடியில பொறந்த கமல், 'சதிலீலாவதி'யில (1995) கோவை சரளாவுக்கு ஈடு குடுத்துக் கொங்குத் தமிழ் பேசினாரு. ஆக, பொறந்த ஊர் சர்ட்டிபிகேட் தேவையில்லை. டைரக்டருக்கு அந்தப் பேச்சு முக்கியம்னு தோணணும், நடிக்கறவங்க உக்காந்து காது குடுத்துப் பழகணும். மதுரைப் பேச்சுக்கு அந்த மரியாதை கிடைக்குது. எங்க பேச்சுக்கு 'கடைசியில ங்க போட்டுக்கலாம் சார்'னு முடிச்சிடறாங்க.

அந்த 'ங்க'வே தப்புங்க. எங்காளுங்க எல்லாரு கிட்டயும், எல்லா வரியிலயும் 'ங்க' போடறதில்லை. கூட்டாளிக்குள்ள போட மாட்டோம். போடற எடத்துலயும் பாதி நேரம் அது 'ங்'னு மூக்குலயே நின்னுடும்: 'சரிங்', 'இல்லீங்'. 'என்னோட' கிடையாது, 'என்ற'. 'உன்ற'. சாயங்காலம் இல்லை, 'பொழுதோட'. ராத்திரிக்கு இல்லை, 'ரவைக்கு'. வீட்டுக்கு வர்றது சொந்தக்காரங்க இல்லை, 'ஒறம்பரை'. கொஞ்ச நேரம் இருன்னா, 'சித்தெ இரு'. சண்டையில மரியாதை கொறையாமயே மானத்தை வாங்கற ஒரு வித்தை இருக்கு பாருங்க, அதை எழுத எந்த அகராதியும் பத்தாது. அதுக்காக அகராதியே இல்லைன்னும் சொல்லிட முடியாது. பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போட்டது 2000ல. உதவி இயக்குநர்கள் வாங்கிப் பொரட்டலாம் :-)

கேள்வி 5: கொங்குத் தமிழ் காமெடிக்குத்தானே செட்டாகும்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சுர்ருனு ஏறும்.

கவுண்டமணி, சத்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா... இவங்க நக்கலுக்கு நானும் அடிமைதான். 'அமைதிப்படை' (1994) இன்னிக்கு டிவியில போட்டாலும் வேலையை விட்டுட்டு உக்காந்துடுவேன். ஆனா ஒரு பேச்சுக்கு ஒரே வேலைதான்னு முத்திரை குத்தினா, அது அந்தப் பேச்சுக்காரங்க தலையில வந்து விடியுது. என்ற அக்கா பொண்ணு சென்னையில காலேஜ் சேர்ந்த புதுசு. ஹாஸ்டல்ல 'சித்தெ இருங்க, வந்தர்றேன்'னு சொல்லியிருக்கா. அறையே சிரிச்சு உருண்டுச்சாம். ஒருத்தி 'இன்னொரு தடவை பேசிக் காட்டு'ன்னு கேட்டாளாம். அழுகறது, சண்டை போடறதுகூட அவங்களுக்குக் காமெடியாத் தெரியுதுன்னு போன்ல சொன்னா. பொங்கலுக்கு வந்தப்ப பேச்சே மாறிப்போச்சு. 'அமுச்சி'ன்னு கூப்பிட்டுட்டு இருந்தவ 'பாட்டி'ங்கறா. எங்கம்மா மொகத்தைப் பாத்துட்டு, 'ஏங்கண்ணு, ஆரூட்டுப் புள்ளையாட்டப் பேசற?'ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு நாங்க ஆரும் வாயைத் தொறக்கலை.

சிரிப்புக்கு மட்டும்தான் இந்தப் பேச்சுன்னு சொல்றவங்க, ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்' நாவலைப் படிங்க. 1942ல வந்தது. புருஷனை எழந்த ஒரு பொம்பளை நெலத்துல பங்கு கேக்கற கதை, கொலையில முடியுது. அத்தனையும் கொங்குப் பேச்சு. படிச்சு ஆரும் சிரிக்கலை.

சினிமாவுல கொங்கு நாடு சீரியஸா வந்ததே இல்லையான்னா, வந்துச்சு. 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993)னு ஊர்ப் பெரிய வீட்டுக் கதைகளா வந்துச்சு. அதுலயும் ஒரு வீட்டு நாயம்தான் ஊரு நாயம். மில்லுக்குப் போனவங்க, தறி ஓட்டினவங்க, பண்ணையத்துல வேலை செஞ்சவங்க எல்லாரும் கும்பிட்டுட்டு ஓரமா நின்னாங்க. கொங்குத் தமிழ் அவங்களுதும்தானுங்களே?

அதனாலதான் 'சேத்துமான்' (2022) பாத்தப்ப நிமிந்து உக்காந்தேன். பெருமாள்முருகன் கதை, இயக்குநர் தமிழ். ஒரு தாத்தா, ஒரு பேரன், பன்னிக்கறி ஆசை, அதுக்குள்ள சாதி. பெரிய மூஞ்சி ஒண்ணும் இல்லை. ஆனா அவங்க வாயைத் தொறந்தா எங்கூர்ச் சந்தையில நிக்கற மாதிரி இருந்துச்சு. யாரும் சிரிக்க வைக்கறதுக்காக அந்தப் பேச்சைப் பேசலை, வாழ்றதுக்காகப் பேசினாங்க. அது தியேட்டருக்கு வராம நேரா ஓடிடியில வந்தது மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அதே வருஷம் 'கடைசி விவசாயி'. உசிலம்பட்டிப் பக்கத்து நெசமான விவசாயி நல்லாண்டியையே மணிகண்டன் நடிக்க வெச்சாரு. படம் வர்றதுக்கு முன்னாடியே பெரியவர் காலமாயிட்டாரு, தேசிய விருதுல அவர் பேரைச் சிறப்பாச் சொன்னாங்க. அந்த மாதிரி ஒரு முழுப்படத்தைத் தாங்கற பெருசுக எங்க பக்கம் இல்லையா என்ன? ஆனைமலைச் சந்தைக்கு ஒரு நாள் வந்து நின்னு பாருங்க.

கடைசிக் கேள்வி: சரி, இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?

பெருசா ஒண்ணும் இல்லீங்க. எங்கூர்ல கேமராவை வெச்சா, எங்கூர்க்காரர் ஒருத்தரை டப்பிங் தியேட்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அப்பன், டீச்சர், டாக்டர், வில்லன்னு நாலு பாத்திரம் கொங்கு பேசட்டும், காமெடி பண்றவரு வேற ஊர்ப் பேச்சு பேசட்டும், ஒரு மாறுதலுக்கு. விநியோகஸ்தர் கணக்குல 'கோவை ஏரியா'ங்கறது எந்தத் தயாரிப்பாளரும் லேசா நெனைக்காத ஏரியா. டிக்கெட் வாங்க எங்க காசு செல்லுதுன்னா, வசனத்துக்கு எங்க பேச்சும் செல்லணும்.

நம்ம பங்கும் ஒண்ணு இருக்குங்க. திரையில ஆராச்சும் 'ஏனுங்க'ன்னு ஆரம்பிச்ச உடனே, என்ன சொல்ல வர்றாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கறோமில்ல? அதைச் சித்தெ நிறுத்திப் பாக்கலாம். ஒருவேளை அவங்க அழுதுட்டு இருக்கலாம்.

டிஸ்கி: மேல எழுதினதுல என்ற கொங்குத் தமிழும் பாதிக்குப் பாதி கலப்படம்தான். எல்லாம் சினிமா பாத்துக் கெட்டதுங் :-)