கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டியது எங்கே?

பரமக்குடியில் ஒரு பெரியவர் நூல் நிலையத்துக்குப் போகிறார். தடித்த வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுக்கிறார். நானூறு பக்கம்! தம் ஊரைப் பற்றி, தம் நெசவாளர் தெருவைப் பற்றி அதில் இரண்டு வரியாவது உண்டா என்று பார்க்க ஆசை. முன்னால் உள்ள பொருளடக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார். அங்கே வேறு புத்தகங்களின் விலைப் பட்டியல்!

அங்கே இருந்திருக்க வேண்டியது அகராதி. எந்தப் பெயர், எந்தச் செய்தி, எந்தப் பக்கம் என்று அகர வரிசையில் சொல்லும் பட்டியல் அது. வாசகர் அதைக் கேட்பது பேராசையா?

உ. வே. சாமிநாத ஐயர் 1894-ல் புறநானூற்றையும், 1898-ல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில், கையால் எழுதியே, அரிய சொற்களுக்கும் பெயர்களுக்கும் அகராதி சேர்த்தார். மணிமேகலைக்குப் பொருள் உதவியவர் ராமநாதபுரம் சீமையின் பாண்டித்துரைத் தேவர். பின்னர் 1962-ல் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றின் சொற்களை எல்லாம் திரட்டித் தனிப் புத்தகமாகவே திருவனந்தபுரத்தில் வெளியிட்டார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது? பக்க எண் முடிவான பிறகுதான் தொடங்க முடியும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பக்க எண். பிறகு சீட்டுகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும். நெசவுக்குப் பாவு ஓட்டுவது போலப் பொறுமை வேண்டும்.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறதே என்பார்கள். அது சொல்லைத் தேடும், ஆளை அறியாது. முத்துராமலிங்க சேதுபதி என்ற பெயரில் ராமநாதபுரத்தை ஆண்டவர்கள் ஒருவர் அல்லர். எந்தப் பக்கத்தில் எவர் என்று படித்தவர்தான் பிரிக்க வேண்டும். பரமக்குடியில் சித்திரையில் வைகையில் இறங்கும் அழகர், கோயிலில் சுந்தரராஜப் பெருமாள். "அழகர்: சுந்தரராஜப் பெருமாள் காண்க" என்று ஒரு வரி போட மனிதன் வேண்டும். வைகை என்று எழுதி நாற்பது பக்க எண்களை அடுக்கினாலும் பயன் இல்லை. வெள்ளம் எங்கே, பாசனம் எங்கே, திருவிழா எங்கே என்று பிரித்தால்தான் அது அகராதி.

கதைப் புத்தகத்துக்கு இது வேண்டாம். வரலாற்றுக்கு, வைத்திய நூலுக்கு, சட்ட விளக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும். அவசரத்தில் பிரிக்கப்படும் புத்தகங்கள் அவை. அதிலும் புதிதாகப் படிக்கக் கற்றவருக்கு நானூறு பக்கம் புரட்டுவது சாமானியமா? "ஒன்றும் இல்லை" என்று மூடி வைத்துவிடுவார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் தெரு இருக்கும்!

காகித விலை ஏறிவிட்டது என்பது பதிப்பாளர் சொல்லும் சமாதானம். பத்துப் பக்கம் கூடும், உண்மைதான். ஆனால் முன்னால் நான்கு பேர் எழுதும் அணிந்துரைக்கு மட்டும் காகிதம் எங்கிருந்து வருகிறது? அதில் மூன்றை எடுத்தாலே இடம் கிடைத்துவிடும். முதல் பதிப்பில் விட்டுப்போனால், இரண்டாம் பதிப்பிலாவது சேர்க்கலாம்.