ஃப்ரூட் சாலட்டை முதல் நாளே கலக்காதீர்கள்!

விசேஷ வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் அரை மணி நேரத்தில் பந்தி முழுக்கத் தெரிந்துவிடும். ஃப்ரூட் சாலட் நீர்த்துப் போனால் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. சின்ன கப், சின்ன ஸ்பூன், நாலு வாய்.. அவ்வளவுதான். வயிறு நிறைந்த பிறகு வருவதால் அதற்கு விமர்சகர்களே கிடையாது. இந்தச் சலுகையில்தான் அது கெட்டுப் போயிருக்கிறது.

வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கல்லூரியில் சீனியர்களுக்குப் பிரிவு உபசார விழா.. எங்கே போனாலும் ஒரே கதை. முதல் நாள் ராத்திரியே பாலைக் காய்ச்சி, கஸ்டர்ட் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஆறியும் ஆறாமலும் ஆப்பிள், வாழை, திராட்சை, அன்னாசி எல்லாவற்றையும் வெட்டிக் கொட்டி, அண்டாவை மூடி வைத்துவிடுகிறார்கள். "ஊறினாத்தான் ருசி" என்று வீட்டுக்கு ஒரு சித்தியாவது சொல்வார். காலையில் திறந்தால் மேலே வெளிறிய தண்ணீர், அடியில் கறுத்த வாழைப்பழம், மாதுளைச் சாயம் ஏறிய ஒரு ரோஸ் நிறம். அதை ஒரு கலக்கு கலக்கி, நாலு முந்திரியைத் தூவிப் பரிமாறிவிடுவார்கள்.

ஊறினால் ருசி என்பது ஊறுகாய்க்குச் சரி. ஃப்ரூட் சாலட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பழம் தனியாக, கஸ்டர்ட் தனியாக இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் விருந்தாளியின் கப்தான்.

கஸ்டர்டின் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. பழைய ஆங்கிலேயக் கஸ்டர்ட் முட்டை மஞ்சள்கருவால் கெட்டியாவது. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-ல் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்டை பேர்ட் உருவாக்கினார். ஒரு வீட்டுக்குள் ஒருவருக்காகச் செய்த மாற்று ஏற்பாடு இது. முட்டை வாசமே ஆகாத தமிழ்நாட்டு வீடுகளிலும் அதனால்தான் தயக்கமில்லாமல் நுழைய முடிந்தது. எல்லோரும் சாப்பிடலாம் என்பதுதான் இதன் பலமே. (அந்தப் பலத்தை எப்படிக் கெடுத்துக்கொள்கிறோம் என்பது பின்னால் வருகிறது.)

சோளமாவு என்பது மாவுச்சத்து. சூடான பாலில் அதன் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, பால் கெட்டியாகிறது. இது ஒரு மென்மையான கட்டுமானம். வெட்டிய பழத்தின் மேல் இனிப்பான கஸ்டர்ட் பட்டால் சர்க்கரை பழத்தின் சாற்றை வெளியே இழுக்கும். ராத்திரி முழுக்க இழுத்தால்? காலையில் பார்க்கிற தண்ணீர் அதுதான். இன்னொரு எதிரி ருசி பார்க்கிறவரின் கரண்டி! எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. ருசி பார்த்த கரண்டியை அப்படியே பாத்திரத்தில் விட்டுத் துழாவினால், கெட்டியாக இருந்த கஸ்டர்ட் மெல்ல இளகும். "பவுடர் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

அன்னாசி விஷயம் தனி. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை அறுக்கும். கொஞ்ச நேரத்தில் கஸ்டர்ட் திரியும், கசப்பும் வரும். பப்பாளிக்கும் கிவிக்கும் இதே குணம் உண்டு. அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை. டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பழநி பஞ்சாமிர்தம் மட்டும் எப்படி நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். அதுவும் அடுப்பேறாத பழக்கலவைதானே? ஆனால் அதில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பண்டத்தின் துணிச்சல் பால் கலந்த ஃப்ரூட் சாலட்டுக்கு வராது.

ருசி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. பாலும் பழமும் கலந்த பண்டம், பல கைகள் பட்டு வெட்டியது, மண்டபத்து மூலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இப்படிப்பட்ட உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. மதுரையில் மே மாதக் கல்யாணம் என்றால் யோசித்துப் பாருங்கள். கையிலிருந்து வரும் சில கிருமிகள் விடும் நஞ்சு வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகாது. கடைசியில் முதலில் படுப்பவர்கள் இரண்டு கப் வாங்கிச் சாப்பிட்ட குழந்தைகளும், பல் இல்லாததால் இதை மட்டும் ஆசையாகச் சாப்பிட்ட தாத்தா பாட்டிகளும்தான்.

இப்போது அந்தப் "பலம்" விஷயத்துக்கு வரலாம். எல்லோருக்கும் ஆகும் என்று சொல்லித்தான் இதைப் பரிமாறுகிறார்கள். ஆனால் கலர் அழகுக்காக ஜெல்லித் துண்டுகளைப் போடுகிறார்கள். பெரும்பாலான ஜெல்லிக்கு ஆதாரம் ஜெலட்டின், அது மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சைவ விருந்தாளி தெரியாமலே சாப்பிட்டுவிடுகிறார். பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம், அல்லது கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடலாம். அடுத்தது சர்க்கரை நோய்க்காரர்கள். எல்லாம் கலந்திருந்தால் அவர்கள் ஒன்று முழுசாகச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் முழுசாக மறுக்க வேண்டும். "ஒரு நாள்தானே மாமா, சாப்பிடுங்க" என்று கையில் திணிப்பது பாசமா என்ன? பாத்திரம் இரண்டாக இருந்தால் அவர் நாலு துண்டு கொய்யாவை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பால் சேராதவருக்கும் அப்படியே.

50 பேருக்குக் கணக்கு இது: 5 லிட்டர் பால், 200 கிராம் கஸ்டர்ட் பவுடர், அரை கிலோ சர்க்கரை, வெட்டிய பழம் 5 கிலோ (தோல், கொட்டை போக என்றால் 7 கிலோ வாங்க வேண்டும்). பவுடரை ஆறிய பாலில்தான் கரைக்க வேண்டும், சூட்டில் போட்டால் கட்டி தட்டும். கொதிக்கும் பாலில் ஊற்றி, கைவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். ஒரே அண்டாவில் வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே அகலமான நாலைந்து தட்டைப் பாத்திரங்களில் பிரித்து, பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து ஆற்றி, உடனே ஃப்ரிட்ஜுக்கு. க்ரீமியாக வரவேண்டும் என்று பவுடரை அள்ளிப் போடுவது பலர் செய்யும் தப்பு, மாவு வாடைதான் மிஞ்சும். ஆறிய பிறகு கொஞ்சம் ஃப்ரெஷ் க்ரீம் சேர்த்தால் போதும்.

"பரிமாற இரண்டு ஆள் வேண்டுமே" என்பார் சமையல் கான்ட்ராக்டர். உண்மைதான். ஐஸ்க்ரீமுக்குத் தனி ஆள் நிற்கிறாரே, வெற்றிலைக்கு ஒருவர் நிற்கிறாரே? பழத்தைக் காலையில் வெட்டிக் குளிர்ச்சியில் வைக்கலாம். வாழையை மட்டும் பரிமாறும் நேரத்தில் வெட்ட வேண்டும். ரஸ்தாளி சீக்கிரம் குழைந்துவிடும், செவ்வாழை நின்று பேசும்.

ஆப்பிள் எதற்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விலையைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை, கௌரவத்துக்காகப் போடுகிறார்கள். கோடையில் பங்கனப்பள்ளியும் பலாச்சுளையும், மற்ற மாதங்களில் சப்போட்டாவும் கொய்யாவும் போட்டால் எந்த ஊர் விசேஷம் என்றாவது தெரியும்!

அடுப்பே இல்லாத ஹாஸ்டல்வாசிகளுக்கும் வழி இருக்கிறது. ஒரு கிலோ கெட்டித் தயிரைத் துணியில் கட்டி 3 மணி நேரம் தொங்கவிட்டு, அதில் 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றை அடித்துக் கலந்தால் பத்துப் பேருக்கு க்ரீம் தயார். அன்னாசி மட்டும் வேண்டாம், தயிரும் அதற்குப் பால்தான்.

கலக்காமல் வைத்தால் மிச்சமும் வீணாவதில்லை. கலந்த அண்டாவில் மிஞ்சியது நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். ஐஸில் தனியாக இருந்த பழம் மறுநாள் காலை இட்லிக்கு முன்னால் ஒரு தட்டில் வரும். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத கஸ்டர்ட் பாத்திரத்தைப் பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் வழித்துவிடுவார்கள்.