‘எலிதானே!’ என்னும் ஏளனம்

‘எலிதானே! அதைத் தேடுவதற்கு இத்தனை பொருளும் காலமும் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. கற்றவர் நாவிலும் இக்கேள்வி பிறப்பதுதான் வேதனை. தேடாமலேயே ‘இல்லை’ என்று தீர்ப்பளிக்கும் மனப்போக்கு அதனுள் ஒளிந்திருப்பதால், நாம் அதை வன்மையாக மறுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். ‘நியூ ஹாலந்துச் சுண்டெலி’ என்னும் காட்டுச் சுண்டெலியை ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கில விலங்கியலார் 1843-இல் முதன்முதலாக விவரித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அது எவர் கண்ணிலும் பட்டதாகச் செய்தியில்லை. 1967-இல் அது உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. எங்கே? மனிதர் எட்டாத பாலைவனத்திலா? இல்லை, சிட்னி மாநகருக்கு வடக்கே, கு-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில்!

இது வீட்டுச் சுண்டெலியைப் பெரிதும் ஒத்தது. காதும் கண்ணும் சற்றே பெரியவை. வீட்டுச் சுண்டெலியின் மேல்முன்பற்களில் காணும் வெட்டு இதற்கு இல்லை. அதன் நாற்றமும் இல்லை. கையிலெடுத்துக் கூர்ந்து நோக்கியவருக்கே இவ்வேறுபாடு புலப்படும். ‘எலிதானே’ என்று கடந்து செல்பவருக்கு ஒருநாளும் புலப்படாது.

‘இருப்பதை உறுதி செய்வதால் என்ன பயன்?’ என்பது அடுத்த கேள்வி. பதிவேட்டில் பெயரில்லாத உயிருக்காக வழக்காட எவருமில்லை. காடு அழிக்கப்படும்போது, ‘இங்கே ஓர் அரிய உயிர் வாழ்கிறது’ என்று சொல்லச் சான்று வேண்டாமா?

ஆனால், உறுதி செய்ததோடு நின்றுவிடுவதும் குற்றமே. டோரஸ் நீரிணையில் உள்ள பிராம்பிள் கே என்னும் சிறு மணல்தீவில் மட்டுமே வாழ்ந்த எலியினம் ஒன்று இருந்தது. அது அங்கிருப்பது 1845 முதலே தெரியும். 2008-இல் மீட்புத் திட்டமும் எழுதப்பட்டது. 2009-க்குப் பின் அதைக் கண்டவர் இல்லை. 2014-இல் பொறிகள் வைத்தும் கேமராக்கள் பொருத்தியும் தேடினர், ஒன்றுகூட அகப்படவில்லை. உயர்ந்துவந்த கடல்நீர் தீவின் செடிகொடிகளை அழித்து, அதன் உணவையும் உறைவிடத்தையும் பறித்துவிட்டது. 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அவ்வினம் அற்றுப்போனதாக அறிவித்தது.

ஓர் எலி, தேடியதால் மீண்டும் கிடைத்தது. மற்றோர் எலி, இருப்பது தெரிந்தும் காக்கப்படாமல் மறைந்தது. இனியும் நாம் ‘எலிதானே’ என்போமா? சிறியதென்று ஓர் உயிரை ஒதுக்கிப் பழகிய நெஞ்சம், நாளை எதைத்தான் ஒதுக்காது?