அமைதித் தீவு எங்கே இருக்கிறது?

'அமைதியான கடற்கரை' என்ற வார்த்தை இல்லாத சுற்றுலா விளம்பரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்! மத்தியதரைக் கடலில் எந்தத் தீவை எடுத்தாலும் அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளை மணல், ஆளில்லாத இரண்டு சாய்வு நாற்காலிகள். அந்தப் படம் காலை ஆறு மணிக்கு எடுத்ததா, ஏப்ரல் மாதத்தில் எடுத்ததா என்பது மட்டும் படத்தில் தெரியாது. பணம் கட்டி, ஆகஸ்டில் போய் இறங்கிய பிறகுதான் அந்த இரண்டு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் இன்னும் இருநூறு நாற்காலிகள் இருப்பது தெரியவரும்.

ஆகவே, "கூட்டம் இல்லாத இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். வருடத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆனால் அந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில்தான் சரியில்லை. "யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்துப் போ" என்பதுதான் அந்தப் பதில். இது ஏன் தவறு என்பதற்கு ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் நல்ல சாட்சி.

கூட்டம் வந்த கதை

தீவில் போய் ஓய்வெடுப்பது ஒரு காலத்தில் பணக்காரர்கள் சமாசாரம். 1950ஆம் ஆண்டு விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, இங்கிலாந்திலிருந்து கோர்சிகா தீவின் கால்வி என்ற ஊருக்கு ஆட்களை அழைத்துப் போனார். விமானம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். தங்குமிடம் என்றால் ஹோட்டல் இல்லை, கூடாரம்! இன்று உலகம் முழுக்க விற்கும் 'பேக்கேஜ் டூர்' இப்படித்தான் சூடு பிடித்தது. கொஞ்ச நாளில் அந்த விமானங்கள் பலேரிக் தீவுகளில் பெரியதான மயோர்க்காவுக்கும் வந்தன. 1960இல் அதன் தலைநகர் பால்மாவில் இப்போதுள்ள விமான நிலையம் பொதுமக்கள் விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இன்றைய கணக்கைப் பாருங்கள். மயோர்க்கா, மெனோர்க்கா, இபிசா, ஃபோர்மென்டேரா ஆகிய நான்கு தீவுகளிலும் சேர்த்து வாழும் மக்கள் சுமார் 12 லட்சம் பேர். 2024ஆம் ஆண்டு அங்கே வந்து போன சுற்றுலாப் பயணிகள் சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர். வீட்டுக்காரர் ஒருவருக்கு விருந்தாளி பதினைந்து பேர்! விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். இங்கே விருந்து மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நடக்கிறது.

விளைவு என்ன? வீட்டு வாடகை உள்ளூர்க்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இபிசாவில் கோடை முழுக்க ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களில் சிலர் வேன்களிலும் கூடாரங்களிலும் படுத்து எழுகிறார்கள். பயணிக்குப் படுக்கை விரிப்பவருக்குப் படுக்க இடமில்லை. 2024 ஜூலை 21 அன்று பால்மா வீதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் சொன்ன கணக்கே 20,000 பேர்.

யார் தொல்லை அதிகம்?

இதைப் படிக்கும் 'அமைதி விரும்பி' ஒருவர் உடனே சொல்வார்: "இதெல்லாம் குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் கூட்டத்தால் வந்தது. எங்களைப் போன்றவர்களால் என்ன தொல்லை?"

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கூத்தடிக்கும் கூட்டம் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மயோர்க்காவில் மகலூஃப், பால்மா கடற்கரையின் அரெனால் பகுதி, இபிசாவில் சான்ட் அன்டோனி. இந்த இடங்களைக் குறிவைத்தே 2020 ஜனவரியில் பலேரிக் அரசு ஓர் ஆணை போட்டது. மலிவு விலையில் மதுவை ஊற்றிக் கொடுக்கும் சலுகை நேரம் கூடாது, ஒவ்வொரு மதுக்கடையாகக் கூட்டிப் போகும் 'டூர்' கூடாது, இரவு 9.30க்கு மேல் காலை 8 மணி வரை கடைகளில் மது விற்கக்கூடாது என்று கட்டுப்பாடுகள். அந்த ஆணை முழுமையாகப் பலன் தந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் கூட்டம் சில தெருக்களுக்குள் அடங்கியிருக்கிறது. அவர்களுக்குத் தேவையானது எல்லாம் அந்தத் தெருவிலேயே கிடைக்கிறது. மலையோரக் கிராமத்தைத் தேடி அவர்கள் போவதில்லை.

தேடிப் போகிறவர் யார்? அமைதி விரும்பிதான்.

மயோர்க்காவின் தென்கிழக்கில் கலோ தெஸ் மோரோ என்று ஒரு சின்னஞ்சிறு கடற்கரை. இரண்டு பாறைகளுக்கு நடுவே கைக்குட்டை விரித்த மாதிரி கொஞ்சம் மணல். கார் போகும் வழிகூடக் கிடையாது, நடந்து இறங்க வேண்டும். 'மறைந்திருக்கும் சொர்க்கம்' என்று படம் படமாகப் போட்டார்கள். இப்போது கோடையில் ஒரு நாளைக்கு 4,000 பேர்வரை வருவதாக அந்த ஊர் மேயரே சொன்னார். 2024 ஜூனில் உள்ளூர்க்காரர்கள் விடியற்காலையிலேயே போய் அந்த மணலில் உட்கார்ந்து, "எங்கள் கடற்கரையில் எங்களுக்கு ஒரு நாளாவது இடம் வேண்டும்" என்று போராட்டம் நடத்தவேண்டி வந்தது.

இன்னொரு கதை மெனோர்க்காவின் பினிபெகா. வெள்ளைச் சுவர்கள், குறுகிய சந்துகள், பழைய மீனவர் கிராமம் போன்ற தோற்றம். உண்மையில் அது பழைய கிராமமே இல்லை. விடுமுறை வீடுகளுக்காக 1970களில் கட்டிய குடியிருப்பு! சுமார் 200 வீடுகள், தனியார் சொத்து. அந்தச் சந்துகளில் படம் எடுக்க வருடத்துக்குச் சுமார் 8 லட்சம் பேர் வருகிறார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அடுத்தவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, மொட்டை மாடி ஏறி... கடைசியில் 2024இல் வீட்டுக்காரர்கள் பார்வையாளர்களுக்குக் காலை 11 முதல் இரவு 8 வரை என்று நேரம் குறித்தார்கள். ஒரேயடியாக மூடிவிடலாமா என்ற பேச்சுவரை போனது.

இந்த இரண்டு இடத்தையும் கெடுத்தவர்கள் ரவுடிகள் இல்லை. சத்தம் போடாத, நல்ல, படித்த மனிதர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக அமைதி தேடித்தான் வந்தார்கள். 'யாருக்கும் தெரியாத இடம்' என்பது ஒரு கையிருப்பு மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும். அதைக் கண்டுபிடித்துப் போகிறவர்தான் அதை முடித்து வைக்கிறார்.

அமைதி தானாக வருவதில்லை

மெனோர்க்காவைப் பற்றிச் சொல்லும்போது "இயற்கையாகவே அமைதியான தீவு" என்பார்கள். பாதிதான் உண்மை. மயோர்க்காவில் ஹோட்டல்கள் முளைத்த காலத்தில் மெனோர்க்காவில் செருப்புத் தொழில், கவரிங் நகைத் தொழில், மாடு வளர்ப்பு, மாவோன் பாலாடைக்கட்டி என்று வேறு பிழைப்பு இருந்தது. அதனால் நிலத்தை விற்க அவசரமில்லை. 1993இல் யுனெஸ்கோ அந்தத் தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தீவைச் சுற்றிச் செல்லும் 'காமி தெ கவால்ஸ்' என்ற பழைய குதிரைக் காவல் பாதை தனியார் நிலங்களின் வேலிகளில் சிக்கிக் கிடந்தது. மக்கள் கேட்டுப் போராடி, சட்டம் வந்து, இன்று 185 கிலோமீட்டரும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். மக்கரெல்லா என்ற பிரபலமான கடற்கரைக்குக் கோடையில் பயணிகள் சொந்தக் காரில் போக முடியாது, பஸ்ஸில்தான் போகவேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்லமுடியாது. சோன் போ என்ற நீண்ட கடற்கரைக்கு மேலேயே இரண்டு உயரமான ஹோட்டல் கட்டடங்கள் நிற்பதை இன்றும் பார்க்கலாம். இன்னும் பத்து அப்படி வராமல் போனதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை. தடுத்த மனிதர்கள் இருந்தார்கள். அங்குள்ள அமைதி அந்த மக்கள் உழைத்துச் சேர்த்த சொத்து.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் மாதம், பிறகுதான் இடம். இதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வரும் ஒரே விஷயம். ஆகஸ்டில் ரகசியக் கடற்கரையைத் தேடி அலைவதைவிட, அக்டோபர் முதல் வாரத்தில் ஊரறிந்த கடற்கரைக்குப் போவது எவ்வளவோ மேல். அப்போதும் கடல் தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருக்கும், ஆனால் காட்டுப் பூக்களும் நடைபாதையும் சொந்தம் மாதிரி கிடைக்கும். இலையுதிர் காலத்தில் திடீர் மழை வரலாம், ஒரு நாள் போகும். நவம்பருக்குப் பிறகு என்றால் பெரும்பாலான ஹோட்டல்கள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே சுற்றுலாவுக்காகக் கட்டிய சிறிய இடத்தில் தங்குவது. மெனோர்க்காவின் தென்கரையில் உள்ள சான்ட் தொமாஸ் இதற்கு நல்ல உதாரணம். கடலையொட்டிச் சில ஹோட்டல்கள், இரண்டு பக்கமும் நடைபாதை, மேலே எஸ் மிக்ஜோர்ன் கிரான் என்ற உண்மையான ஊர். அந்த ஊருக்குள்ளேயே ஒரு வீட்டை இணையத்தில் பிடித்துத் தங்குவது அழகாகத் தோன்றும். ஆனால் அது ஒரு உள்ளூர்க் குடும்பம் வாடகைக்கு இருந்திருக்கக்கூடிய வீடு. வீடுதான் வேண்டும் என்றால் சுற்றுலா உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அந்த எண் இல்லாமல் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம்.

மூன்றாவது, காற்றும் காதும். மெனோர்க்காவின் வடகரையில் துரமுந்தானா என்ற வாடைக்காற்று அடிக்கும். ஃபோர்னெல்ஸ் போன்ற வடக்கத்தி மீனவ ஊர் அழகுதான், ஆனால் காற்று நாளில் குளிக்கத் தென்கரைக்குத்தான் வரவேண்டும். மயோர்க்காவில் கான் பஸ்தில்யா பக்கம் மலிவாக அறை கிடைத்தால் மகிழ்ந்துவிடக்கூடாது, விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு அருகில் ராத்திரி பாட்டுக் கச்சேரி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடலாம். ஜூன் 23, 24 தேதிகளில் சியூதாதெல்லா நகரில் சான்ட் ஜோவான் திருவிழா. குதிரைகளும் கூட்டமுமாக ஊரே அதிரும். பார்க்கவேண்டிய விழா, தூங்கப் போகவேண்டிய நாள் இல்லை.

நான்காவது, கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் இலைகளைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. அது குப்பை இல்லை, பொசிடோனியா என்ற கடற்புல். மணலை அலை அரித்துக்கொண்டு போகாமல் காப்பது அதுதான். அந்தப் புல்வெளிகள் மேல் படகுகள் நங்கூரம் போடுவதையே 2018இல் தடை செய்தார்கள். அந்த இலைகள் அப்படியே கிடக்கும் கரை, கரையைக் கரையாகவே விட்டிருக்கிறார்கள் என்பதன் அடையாளம்.

எதிர்க்கேள்விகள்

"பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் மே மாதத்தில் எப்படிப் போகும்?" நல்ல கேள்வி. முடியாதுதான். அவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டை விட்டால் வழியில்லை. அதனாலேயே, மாதத்தை மாற்றிக்கொள்ள முடிந்த மற்றவர்கள் அந்த இரண்டு மாதங்களை அவர்களுக்கு விட்டுக் கொடுக்கவேண்டும். பிள்ளை இல்லாத தம்பதி, ஓய்வுபெற்றவர், கல்லூரி முடித்தவர் எல்லோரும் ஆகஸ்டிலேயே போய் முட்டி மோதுவானேன்?

"கூட்டம் வருடம் முழுக்கப் பரவினால் தீவுக்காரர்களுக்கு ஓய்வே கிடைக்காதே?" இதுவும் உண்மையான கவலை. குளிர்காலம்தான் தங்களுடைய காலம் என்று நினைக்கிறவர்கள் அங்கே நிறைய. மே, அக்டோபரில் வருகிறவர் ஆகஸ்டில் வருகிறவருக்கு மாற்றாக வரவேண்டும், அவரோடு கூடுதலாக அல்ல. அது பயணி ஒருவர் கையில் மட்டும் இல்லை, விமானங்களையும் படுக்கைகளையும் எண்ணிக் கட்டுப்படுத்தும் அரசின் கையிலும் இருக்கிறது. ஆனால் தன் பங்கை ஒருவர் இன்றே செய்யலாம்.

கடைசியாக ஒன்று. நல்ல இடம் கிடைத்தால் ஊருக்கெல்லாம் சொல்லத் தோன்றும். அதைச் சொல்லும்போது இடத்தின் பெயரோடு மாதத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் போதும். அமைதி வேண்டும் என்கிறவர் முதலில் காலண்டரைத் திறக்கட்டும், வரைபடம் அப்புறம்.