வியட்நாம் குச்சியும் திரிபுராக் குச்சியும்

அபிஷேகப்பாக்கத்தில் வீட்டுத் தாழ்வாரத்தை அடைத்து, பழைய யந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டு, ஊதுபத்தித் தொழில் தொடங்க உத்தேசித்திருக்கும் இளைஞர் ஒருவர், "வியட்நாம் குச்சி சல்லிசாகக் கிடைக்கிறதண்ணே, திரிபுராக் குச்சியை எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டார். அவர் காட்டிய கணக்கில் கூட்டல் பிழை ஏதுமில்லை. ஆனால் அதில் இந்த மாதத்து விலை இருந்ததேயொழிய, கடந்த பத்துப் பதினைந்து வருஷத்துச் சரித்திரம் இல்லை.

சுவாமி சந்நிதியில் சாந்தமாகப் புகையும் இந்தப் பண்டத்தைப் போல, சர்க்கார் அறிவிக்கைகளின் கையில் சிக்கிப் பந்தாடப்பட்ட பண்டம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. 2011இல் இறக்குமதித் தீர்வை 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியதும், வாசனை ஏற்றாத கச்சாப் பத்தி வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து குவிந்தது. 2009இல் 31 கோடி ரூபாயாக இருந்த அந்த இறக்குமதி 2018இல் 546 கோடியாயிற்று என்றும், உள்நாட்டு உற்பத்திக் கூடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மூடப்பட்டது என்றும் காதி கிராமத் தொழில் ஆணையம் கணக்குச் சொல்லிற்று. 2019 ஆகஸ்டு 31ஆம் தேதி பத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வியாபாரிகளா சும்மா இருப்பார்கள்? பத்தி வரக்கூடாதென்றால் குச்சி வரலாமே என்று உருண்டை மூங்கில் குச்சியைத் தருவித்தார்கள்; ஒரே வருஷத்தில் அது 210 கோடியிலிருந்து 370 கோடிக்கு ஏறியது. உடனே 2020 ஜூனில் குச்சியின் தீர்வை 10லிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. ஆக, ஒன்பது ஆண்டுகளுக்குள் மூன்று தடவை, மூங்கிலின் தரமோ தொழிலாளியின் திறமையோ எள்ளளவும் மாறாதிருக்க, மலிவு எது, கிராக்கி எது என்பது மட்டும் டில்லியில் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது.

இதற்காகச் சுதேசிச் சரக்கே உத்தமம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. கையால் பத்தி உருட்டும் பெண்மணிக்குக் குச்சி சற்றே சதுரமாக இருந்தாலும், நடுவில் கணு துருத்தினாலும் விரல்களே அதைச் சரிசெய்துகொள்ளும்; கரித்தூளும் ஜிகட் என்னும் பசைத் தூளும் குழைத்த மாவைப் பலகையில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் பத்தி ஆகிவிடும். யந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரே சீராக 1.3 மில்லிமீட்டர் கனத்தில் உருண்டையாக இல்லாத குச்சி வாயிலேயே மாட்டிக்கொள்ளும். அதைக் குறட்டால் பிடுங்கி, மாவை வழித்து, மறுபடி ஓட்டுவதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிடும். உள்நாட்டு மூட்டைகளில் இத்தகைய குச்சிகள் கலந்து வருவதாகத் தொழில் செய்பவர்கள் குறைப்படுவது நியாயமே.

தூர விஷயத்திலும் நாம் ஏமாறுவதுண்டு. நம் நாடுதானே என்கிறோம். திரிபுராவின் அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008இல், அதுவும் மீட்டர் கேஜ். அகலப்பாதையில் பயணி ரயில் ஓடத் தொடங்கியது 2016இல்தான். தீர்வை குறைந்த காலத்தில், கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கிய அந்நியச் சரக்கு, வண்டி மாறி மாறி வரவேண்டியிருந்த சுதேசிச் சரக்கைக் காட்டிலும் நமக்குச் சமீபமாக இருந்திருந்தால் அதில் வியப்பதற்கில்லை.

நம்மவர்களுக்குக் கை வராது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நம் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத பண்டைத் துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், உட்புறம் வளையம் வளையமாகப் புள்ளிக்கோலம் இட்ட மெல்லிய தட்டுகளை மத்தியதரைக்கடல் நாட்டுச் சரக்கென்று கருதினார். பிற்கால ஆராய்ச்சியில் அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்று தெரிந்தது.

என் அபிப்பிராயத்தில், சிறு முதலாளி அஞ்ச வேண்டியது வேறொன்று. வெளிநாட்டுச் சரக்கு மலிந்த காலத்தில் நாம் கைவிட்ட உள்நாட்டுக் குச்சிக்காரர், தீர்வை ஏறியதும் நாம் திரும்பி வருவோம் என்று தம் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார். அதற்குள் அவர் ரப்பர் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார். மேலும், கப்பல் சரக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதும், கன்டெய்னர் நிறைய எடுப்பதும் தாழ்வாரத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. எனவே இளைஞர் சென்னை மொத்த வியாபாரியிடம்தான் வியட்நாம் குச்சியை வாங்குவார். அந்த வியாபாரியின் லாபமும் அவர் தலையில்தான் விழும்.

நாலு மூட்டை வாங்கினால் ஒன்றாவது திரிபுராக் குச்சியாக இருக்கட்டும் என்றேன். அந்த மூட்டையைக் கைப்பத்தி உருட்டும் பெண்களிடம் கொடுத்துவிட்டு, விலை வித்தியாசத்தைக் காப்பீட்டுச் சந்தா என்று நோட்டில் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னேன். வாடகையில்லாத தாழ்வாரத்துக்கு அந்தச் செலவு தாங்கும்.