பொதுக் கிணறும் டி டிரைவும்

பத்திரப் பதிவு அலுவலகத்தில் 32 வருடம் குப்பை கொட்டியவன் நான். பார்த்த பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்குக் கணக்கில்லை. அண்ணன் தம்பிகள் வீட்டையும் நிலத்தையும் பிரித்துக்கொள்வார்கள். கிணறும் நடைபாதையும் மட்டும் பொதுவில் இருக்கும். பிற்பாடு சண்டை வருவதும் அந்தக் கிணற்றடியில்தான்!

என் கணினியிலும் அதே கதை.

ஓய்வு பெற்றபின் மடிக்கணினியில் விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸையும் நிறுவினேன். ஆளுக்கொரு பாகம். இரண்டுக்கும் பொதுவாக டி டிரைவ். லினக்ஸின் பாகத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆனால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த பாகத்தை லினக்ஸ் படிக்கும், எழுதவும் செய்யும். ஆகவே டி டிரைவை அந்த முறையிலேயே வைத்தேன். என் அப்பாவின் நாட்குறிப்புகளை, மொத்தம் 212 பக்கங்கள், ஸ்கேன் செய்து அதில்தான் சேமித்திருந்தேன்.

ஒருநாள் லினக்ஸில் டி டிரைவைத் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது என்றது. எனக்குக் கோபம். என் வீட்டுக் கிணற்றுக்கு எனக்கே பூட்டா? இணையத்தில் தேடி, அர்த்தம் புரியாமலே ஒரு கட்டளையை ஓட்டிப் பூட்டைத் திறந்துவிட்டேன். சில கோப்புகளை இடம் மாற்றினேன். மறுபடி விண்டோஸுக்குப் போனபோது நாட்குறிப்பு ஃபோல்டர் குழம்பிக் கிடந்தது. மீட்டது போக 37 பக்கங்கள் போயே போய்விட்டன.

காரணம் பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கும். டி டிரைவின் கணக்கையும் நினைவில் வைத்துக்கொண்டே தூங்கும். இடையில் லினக்ஸ் எதையாவது மாற்றினால், எழுந்து வரும் விண்டோஸ் தன் பழைய கணக்கையே நம்பும். லினக்ஸ் போட்ட பூட்டு கோளாறு அல்ல, காவல். அதை உடைத்தவன் நான்.

"இந்த வயசுல எதுக்குங்க ரெண்டு சிஸ்டம்? ஒண்ணை எடுத்துடுங்க" என்றார் நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சண்டை வந்தது என்பதற்காகக் கிணற்றையா தூர்ப்பார்கள்? முறை வைத்து இறைத்தால் போதும்.

என் முறை இதுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன். ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குத் தாவுவதில்லை. டி டிரைவில் பிழை என்றால் விண்டோஸிலேயே சரிபார்க்கிறேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, கழற்றி பீரோவில் வைக்கிறேன். இரண்டு சிஸ்டத்திலும் தெரிகிறது என்பதால் இரண்டு பிரதி இருப்பதாக நினைத்ததுதான் என் பெரிய முட்டாள்தனம். இருந்தது ஒன்றே ஒன்று.

அசல் நோட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். 'ஸ்கேன் செய்தாயிற்றே' என்று பரணில் போட்டிருந்தேன். கரையான் முந்திக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொது டிரைவ் இருந்தால், இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மற்றதை நாளை பார்த்துக்கொள்ளலாம்.